எங்கள் வீட்டு அலமாரிக்கு ஓர் அப்ஸ்கேலிங் ப்ளேயர்

பழைய டிவிடி ப்ளேயர் கண்ணை மூடிவிட்டது. தட்டை உள்ளே இழுக்கும், கொஞ்ச நேரம் கரகரவென்று சுற்றும், பிறகு ‘நோ டிஸ்க்’ என்று காட்டும். லென்ஸைத் துடைத்தும் பார்த்தாயிற்று, தலையில் தட்டியும் பார்த்தாயிற்று. புதிதாக ஒன்று வாங்கப் போகிறேன் என்றதும் வீட்டில் தொடங்கிப் பள்ளிக்கூட ஆசிரியர் அறை வரை ஒரே கேள்விதான்: “இந்தக் காலத்தில் யார் டிவிடி ப்ளேயர் வாங்குகிறார்கள்?” எங்கள் வீட்டு அலமாரியைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

மொரிஷியஸில் வக்வாவில் இருக்கிறோம். தீவின் நடு மேட்டில் உள்ள ஊர். மழைக்கும் ஈரத்துக்கும் குறைவே கிடையாது. நான் அரசுத் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லித் தருகிறேன். வீட்டுப் பேச்சு கிரியோலில்தான் ஓடும். பிள்ளைகள் இருவருக்கும் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், ஆனால் படத்தில் மடமடவென்று பேசுகிற வசனம் பிடிபடாது. மாமியாருக்குத் தமிழ்ப் பாட்டென்றால் உயிர். வசனம் பாதிதான் புரியும். ஆகவே சப்டைட்டில் இல்லாத படம் எங்கள் வீட்டில் ஓடாது. யூடியூபில் பழைய படங்கள் கொட்டிக் கிடக்கின்றன, உண்மைதான். சப்டைட்டிலோடு கிடைப்பவை எத்தனை? பாட்டு உச்சத்துக்குப் போகும்போது பல்பொடி விளம்பரம் வராமல் இருப்பவை எத்தனை?

அலமாரியில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ப்ளேயர் தேடிய கதை முழுக்க அதைச் சுற்றித்தான். மேல் இரண்டு தட்டிலும் தமிழ்ப் படங்கள்: சென்னையிலிருந்து நான் கொண்டுவந்தவை, லண்டனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வாங்கி அனுப்பியவை. நடுவில் பிரெஞ்சு டிவிடிகள். கொழுந்தனார் பிரான்சுக்குச் சொந்தமான பக்கத்துத் தீவு ரெயூனியனில் சேன்-பியேரில் இருக்கிறார். முக்கால் மணி நேர விமானப் பயணம்தான் என்பதால் அடிக்கடி வருவார், வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு ஒரு பை தட்டு. கீழ்த்தட்டில், உறைமேல் பேனாவால் பெயர் எழுதிய வெற்றுத் தட்டுகள்: கல்யாணங்கள், நாத்தனார் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம், வருடாவருடம் காவடி. வீடியோக்காரர் பதிவுசெய்து தந்தவை. மாமனார் கடைசியாகக் காவடி எடுத்தது அதில் ஒன்று.

இந்த மூன்று கூட்டமும் மூன்று விதமாக முரண்டு பிடிக்கும். விளம்பரத்தில் ‘4கே அப்ஸ்கேலிங்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை வைத்து வாங்கினால் மூன்றில் ஒன்றுகூட ஒழுங்காகத் தெரியும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அப்ஸ்கேலிங்கைப் பற்றிக் கொஞ்சம். தட்டில் உள்ள சின்னப் படத்தைத் திரையின் அளவுக்குப் பெருக்கிக் காட்டுவதுதான் அது. என்டிஎஸ்சி (NTSC) என்னும் அமெரிக்க டிவி முறையில் பதிந்த டிவிடியில் ஒரு படச்சட்டத்துக்கு 720 × 480 புள்ளிகள்; பெருக்கினால் 3,45,600. முழு ஹெச்டி திரைக்கு 1920 × 1080, அதாவது 20,73,600. சரியாக ஆறு மடங்கு. 4கே டிவி என்றால் 24 மடங்கு. ஆக, தட்டில் இருக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் இன்னும் 23 புள்ளிகளை யாரோ கணக்குப் போட்டு உண்டாக்க வேண்டும். அந்த யாரோ ப்ளேயராக இருக்கலாம், இடையில் உள்ள, ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவராக இருக்கலாம், டிவியாகவும் இருக்கலாம். ஆனால் யாராவது செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 4கே டிவியின் நடுவில் தபால் அட்டை அளவுக்குத்தான் படம் தெரியும். எனவே “அப்ஸ்கேலிங் உண்டா இல்லையா” என்று விசாரிப்பதில் பொருளில்லை. எது நன்றாகச் செய்கிறது, டிவியா ப்ளேயரா என்று பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் அளவைப் பெருக்குவதற்கு முன்னால் நடப்பது. டிவிடியிலிருந்து படம் பெரும்பாலும் அரை அரையாக வரும். ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் அடுத்த தடவை. பழைய குழாய் டிவிக்கு அதுதான் தோது. இன்றைய தட்டைத் திரைக்கு இரண்டு அரையையும் சேர்த்து முழுப்படமாக்கித் தர வேண்டும். இரண்டு அரைக்கும் நடுவே ஆள் கையை அசைத்திருந்தால், கையின் ஓரம் சீப்புப் பல் போலப் பிசிறடிக்கும். இந்தச் சேர்க்கிற வேலையை ஒரு ப்ளேயர் சொதப்பிவிட்டால் அதற்குப் பிறகு எத்தனை மடங்கு பெருக்கினாலும் சொதப்பல்தான் பெரிதாகும். முன்பெல்லாம் ப்ளேயர் பெட்டியிலேயே ஃபரூஜா, ரியான், கியூடியோ என்று உள்ளே இருக்கும் சிப்பின் பெயரைப் போட்டு விற்றார்கள். இப்போது அந்தப் பேச்சே இல்லை, கேட்டால் விற்பவருக்கும் தெரியாது.

ரோஸ் ஹில்லில் ஒரு கடை. கவுன்ட்டரில் நின்ற பையன் என் பழைய மாணவன்.

“மிஸ், இது 4கே. டிவிடி போட்டாலும் 4கேயாக வரும்.”

“போட்டுக் காட்டு.”

அவன் கடையின் மாதிரித் தட்டைப் போட்டான். பவளப்பாறை, மீன், சூரிய அஸ்தமனம். எந்த ப்ளேயரில் போட்டாலும் அழகாகத் தெரிவதற்கென்றே எடுத்த படம் அது. நான் கைப்பையிலிருந்து காவடித் தட்டை எடுத்து நீட்டினேன். அவன் உறைமேல் இருந்த கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தான், ஆனாலும் போட்டான்.

கோர் தெ கார்த் மலையடிவாரக் கோயிலுக்குப் போயிருக்கிறவர்களுக்கு அந்தப் படிக்கட்டு தெரியும். காவடி எடுப்பவர்கள் அந்தப் படிகளில் ஏறும் காட்சியைவிட நல்ல சோதனை எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடையாது. படிகளின் விளிம்பெல்லாம் மெல்லிய கிடைக்கோடுகள். வீடியோக்காரர் கேமராவை மேலே தூக்கும்போது சேர்க்கும் வேலை சரியில்லாவிட்டால் அத்தனை விளிம்பும் துடிக்கும். காவடியின் வளைவு சாய்கோடு. ஆள் ஆடும்போது அது படிப்படியாக வெட்டுப்பட்டுத் தெரியும். கன்னத்தில் குத்திய வேல் இன்னும் மோசம், தலை திரும்பும் ஒவ்வொரு முறையும் இரண்டாகப் பிளந்து ஒன்றாகும். மேலும் இது கேமராவில் வீடியோவாகவே எடுத்தது, சினிமா போல நொடிக்கு 24 படம் அல்ல. நொடிக்கு 50 வெவ்வேறு அரைப்படங்கள். எந்த அரைக்கு எந்த அரை ஜோடி என்று கண்டுபிடிக்கிற குறுக்குவழி இங்கே செல்லாது. எங்கே அசைவு இருக்கிறது, எங்கே இல்லை என்று புள்ளி புள்ளியாகப் பார்த்துச் செய்கிற சிப் வேண்டும்.

கடையின் 4கே ப்ளேயரில் படிக்கட்டு துடித்தது, வேல் பிளந்தது. பையனுக்கே புரிந்துவிட்டது. “தட்டு பழசு மிஸ்” என்றான். அதே தட்டை அதே டிவியில், ப்ளேயரின் வெளியீட்டை ‘576ஐ’ (576i) என்று மாற்றிப் போடச் சொன்னேன். எண் வரிகளின் எண்ணிக்கை; ‘ஐ’ என்றால் அரை அரையாக, ‘பி’ என்றால் முழுப்படமாக. அப்படி மாற்றினால் ப்ளேயர் ஒன்றும் செய்யாமல் தட்டில் உள்ளதை அப்படியே அனுப்பும், சேர்ப்பதும் பெருக்குவதும் டிவியின் தலையில். படிக்கட்டு அடங்கிவிட்டது. ஆக அந்த ப்ளேயருக்குக் கொடுக்கும் பணத்தில் அப்ஸ்கேலிங்குக்கு என்று எதுவும் கொடுக்கத் தேவையில்லை, டிவியே மேல். இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் எந்தக் கடையிலும் செய்யலாம். உங்கள் தட்டை எடுத்துப் போங்கள், ஒரு முறை 1080பி, ஒரு முறை 480ஐ அல்லது 576ஐ. சில ப்ளேயர்களில் இப்படி அப்படியே அனுப்பும் வசதியே இருக்காது. குறைந்தது 480பி என்று தொடங்கும். அவற்றை நான் தொடுவதில்லை.

இனி மேல்தட்டுக்கு வருகிறேன். நம் தமிழ்ப் பட டிவிடிகளின் வினோதங்களைப் பற்றி வெளிநாட்டு விமர்சனங்கள் எதிலும் ஒரு வரி கூட இருக்காது.

இந்தியா ‘பால்’ (PAL) என்னும் டிவி முறையைப் பின்பற்றும் நாடு. ஆனால் தமிழ்ப் பட டிவிடிகளில் பெரும்பாலானவை என்டிஎஸ்சி, எல்லா மண்டலத்திலும் ஓடும்படி மண்டலப் பூட்டு (உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்துத் தட்டு இன்னொரு மண்டலத்து ப்ளேயரில் ஓடாதபடி போடுவது) இல்லாதவை. உலகம் முழுக்க விற்க வேண்டுமென்றால் அதுதான் வசதி. அந்த அளவில் நமக்குச் சௌகரியம். சிக்கல் படத்தின் வடிவத்தில் இருக்கிறது.

மாமியார் பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் 4:3, அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. அகலத் திரை டிவி அதை இழுத்து நிரப்பினால் ஒல்லியான கதாநாயகிக்கும் கன்னம் உப்பிவிடும். மாமியார் அதைக் கண்டுகொள்வதே இல்லை, எனக்குத்தான் பொறுக்காது. இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு உள்ளபடி காட்டும் அமைப்பு ப்ளேயரில் இருக்க வேண்டும். டிவியிலும் செய்யலாம், ஆனால் பல டிவிகள் உள்ளே வருவது 1080பி என்றால் அந்த மெனுவையே பூட்டிவிடும்.

தமிழில் சினிமாஸ்கோப் வந்தது 1973-இல். அதன்பிறகு வந்த அகலப் படங்களைப் பழைய டிவிடிகளில் எப்படிப் போட்டார்கள் தெரியுமா? 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து, நடுவில் படம். சட்டத்தில் 480 வரி இருந்தாலும் 2.35:1 படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 272 வரி, மீதியெல்லாம் கறுப்பு மை. அகலத் திரைக்கென்று நெருக்கிப் பதிந்த தட்டில் அதே படத்துக்கு 363 வரி கிடைத்திருக்கும். இந்த 272 வரித் தட்டை இன்றைய டிவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் சிறியதாகப் படம். பெரிதாக்கி அகலத்தை நிரப்ப வேண்டும். முழு ஹெச்டி திரையில் அந்தப் படத்தின் உயரம் 817 வரி. 272-ஐ அங்கே கொண்டுபோவதென்றால் மூன்று மடங்கு. இந்த வேலையில்தான் நல்ல ப்ளேயருக்கும் சுமார் ப்ளேயருக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், 4கேயில் அல்ல.

பெரிதாக்கினால் வருகிறது அடுத்த வில்லங்கம். அந்தத் தட்டுகளில் சப்டைட்டில் கீழ்க் கறுப்புப் பட்டையில் உட்கார்ந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கியதும் பட்டையோடு சேர்ந்து சப்டைட்டிலும் திரைக்கு வெளியே போய்விடும். இரண்டு வரி வசனத்தில் மேல் வரி மட்டும் தெரியும், கீழ் வரியில் எழுத்துகளின் தலை மட்டும். மகன் சோபாவிலிருந்து எழுந்து டிவிக்கு அடியில் எட்டிப் பார்ப்பான், விழுந்த எழுத்தைப் பொறுக்கப் போகிறவனாட்டம் நடிப்பு. சப்டைட்டிலை மேலே ஏற்றி வைக்கும் வசதி சில ப்ளேயர்களில் உண்டு. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்த ஒரு வசதிக்கு மற்ற அத்தனையையும் விட்டுக்கொடுக்கலாம். படத்தோடு சேர்த்தே அச்சடித்துவிட்ட சப்டைட்டிலுக்கு மட்டும் இது உதவாது.

எந்த ப்ளேயரும் காப்பாற்ற முடியாத தட்டுகளும் உண்டு. பால் முறையில் இருந்த பிரதியை என்டிஎஸ்சிக்கு அரைகுறையாக மாற்றியவை முதல் ரகம். அடுத்தடுத்த இரண்டு படங்கள் ஒன்றின்மேல் ஒன்று கலந்து, ஆடுகிறவருக்கு நாலு கை தெரியும். நிறுத்திப் பார்த்தால் கலப்பு தெளிவாகத் தெரியும். அது தட்டிலேயே பதிந்த கறை. இரண்டாவது ரகம் ஒரே தட்டில் மூன்று படம். இரண்டரை மணி நேரப் படம் மூன்று என்றால் 450 நிமிடம். இரட்டை அடுக்குத் தட்டின் கொள்ளளவு 8.5 ஜிபி. வகுத்துப் பார்த்தால் ஒலியும் சேர்த்து நொடிக்கு இரண்டரை மெகாபிட்தான் மிஞ்சும். டிவிடியில் படத்துக்கு மட்டுமே நொடிக்கு 9.8 மெகாபிட் வரை இடமுண்டு. மழைக் காட்சி வந்தால் திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உதிரும். நல்ல அப்ஸ்கேலர் சதுரங்களை இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். இந்த ரகத் தட்டை வைத்து ப்ளேயரைச் சோதிக்காதீர்கள், ப்ளேயர்மேல் அநியாயப் பழி விழும்.

நடுத்தட்டு: கொழுந்தனாரின் பிரெஞ்சுத் தட்டுகள். இவை பால், 720 × 576, நொடிக்கு 25 படம். புள்ளிக் கணக்கில் தமிழ்த் தட்டுகளைவிட ஒரு படி மேல். முழு ஹெச்டிக்கு ஐந்து மடங்கு பெருக்கினால் போதும். 24 படத்தை 25 ஆக ஓட்டுவதால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் ஒரு இழை கீச்சென்று ஏறும். பிள்ளைகள் இதையெல்லாம் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டியது வேறு இரண்டு. பிரான்சுத் தட்டுகளுக்கு மண்டலம் 2. மொரிஷியஸும் இந்தியாவும் மண்டலம் 5. இங்கே முறைப்படி விற்கும் ப்ளேயரில் பக்கத்துத் தீவில் வாங்கிய தட்டு ஓடாது என்பது ஒரு கூத்து. ஆஸ்திரேலியாவில் இருக்கிற சொந்தக்காரர் வாங்கி வந்தால் மண்டலம் 4, அங்கே இன்னொரு பூட்டு. ப்ளூ-ரேயில் மொரிஷியஸும் ரெயூனியனும் ‘பி’ என்று ஒரே மண்டலத்தில் சேர்ந்துகொண்டன, இந்தியா ‘சி’க்குப் போய்விட்டது, 4கே அல்ட்ரா ஹெச்டி தட்டுகளில்தான் ஒருவழியாக மண்டலத் தொல்லையே இல்லை. ஆகவே எல்லா மண்டலமும் ஓடுமா என்பதைக் கடைக்காரர் வாய்வார்த்தையில் நம்பாமல் மண்டலம் 2 தட்டு ஒன்றைப் போட்டே பார்க்க வேண்டும். இரண்டாவது, பால் தட்டு 50 ஹெர்ட்ஸிலேயே வெளியே வர வேண்டும். சில ப்ளேயர்கள் எல்லாவற்றையும் 60-க்கு மாற்றி அனுப்பும். கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் நடுநடுவே கொக்கி போட்டு இழுக்கும். தானாக மாறும் ‘ஆட்டோ’ அமைப்பு இருந்தால் பிரச்சினை இல்லை.

வீட்டுக்காரருக்கு 4கே மேல் ஆசை. “டிவி 4கே, ப்ளேயரும் 4கேயாக இருந்தால்தானே ஒத்துப்போகும்” என்பது அவர் கட்சி. எங்கள் டிவி 55 அங்குலம், சோபா மூன்று மீட்டர் தள்ளி. அந்தத் திரையில் ஒரு 1080பி புள்ளியின் அகலம் 0.63 மில்லிமீட்டர். நல்ல கண்பார்வை உள்ளவர் மூன்று மீட்டரிலிருந்து பிரித்துப் பார்க்கக்கூடியது 0.87 மில்லிமீட்டர். 1080 புள்ளியே அங்கிருந்து பிரிந்து தெரியாது என்னும்போது அதை மேலும் நாலாக வெட்டி ப்ளேயர் அனுப்பினால் என்ன, டிவி வெட்டிக்கொண்டால் என்ன? டிவிடி அலமாரிக்காக மட்டும் 4கே ப்ளேயர் வாங்குவது என்னைப் பொறுத்தவரை வீண். 4கே தட்டுகள் வாங்கும் எண்ணம் இருந்தால் கதை வேறு. பானசோனிக் யுபி820-ஐயும் சோனி எக்ஸ்700-ஐயும் அப்போது பாருங்கள். முன்னதில் 7.1 அனலாக் ஒலி வெளியீடு உண்டு, பழைய ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு வசதி. பின்னதில் முகப்பில் எழுத்துக் காட்டும் திரையே கிடையாது, தட்டு எங்கே ஓடுகிறது என்று டிவியை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ப்ரொஜெக்டர் வைத்து நூறு அங்குலத்தில் பார்ப்பவர்களுக்கும் நான் போட்ட மில்லிமீட்டர் கணக்கு பொருந்தாது.

வீட்டுக்காரருடைய பழைய ரிசீவரில் ஹெச்டிஎம்ஐ இல்லை, சிவப்பு-பச்சை-நீல வயர் மூன்று மட்டும். அதன் வழியாக அப்ஸ்கேல் செய்த டிவிடிப் படத்தை அனுப்ப முடியாது. திருட்டுப் பிரதிக்குப் பயந்து போட்ட உரிம விதி அது: பூட்டுள்ள டிவிடியைப் பெருக்கி அனுப்புவதென்றால் காப்புள்ள டிஜிட்டல் வயரில்தான். படத்தை ஹெச்டிஎம்ஐயில் நேரே டிவிக்கும் ஒலியை ஆப்டிகல் வயரில் ரிசீவருக்கும் விட்டால் தீர்ந்தது.

சரி, வாங்குவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? டிவிடியை நன்றாகக் காட்டுவதற்கென்றே பெயர் வாங்கிய ஆப்போ 2018 ஏப்ரலில் ப்ளேயர் தொழிலை விடுவதாக அறிவித்துவிட்டது. சாம்சங் அதற்கு அடுத்த வருடம் அமெரிக்கச் சந்தையில் புதிய மாடல் கிடையாது என்றது. இப்போது பெயர் சொல்லும்படி இருப்பவை சோனியும் பானசோனிக்கும்தான். போர்ட் லூயிஸ் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கடைகளில் பெயர் தெரியாத மலிவு டிவிடி ப்ளேயர்கள் அடுக்கியிருக்கின்றன. மண்டலப் பூட்டு கிடையாது, கீறல் விழுந்த தட்டையும் அசராமல் படிக்கும், விலையும் கையைக் கடிக்காது. அவற்றை நான் மட்டமாகப் பேச மாட்டேன். டிவி நல்ல டிவியாக இருந்து, ப்ளேயரில் 480ஐ/576ஐ வெளியீடும் இருந்தால் அந்த ஜோடியே போதும் என்று தாராளமாகச் சொல்வேன். ஆனால் சப்டைட்டிலை மேலே ஏற்றும் வசதி நான் பார்த்த எதிலும் இல்லை.

கடைசியில் கொழுந்தனார்தான் வழி சொன்னார். சேன்-பியேரில் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு பிரான்சுக்குத் திரும்புகிறார், அவரிடம் ஆப்போ பிடிபி-103 ஒன்று இருக்கிறது, பார்க்கட்டுமா அண்ணி என்று போன் செய்தார். 2012-இல் வந்த மாடல். உள்ளே கியூடியோ சிப். தட்டில் உள்ளதை அப்படியே அனுப்பும் அமைப்பு, பெரிதாக்கும் அமைப்பு, சப்டைட்டிலை மேலும் கீழும் நகர்த்தும் அமைப்பு மூன்றும் உண்டு. டிவிடி மண்டலப் பூட்டை முந்தைய உரிமையாளர் எடுத்துவிட்டிருந்தார். பழைய சாமானில் முதலில் சாகிறது லேசர், கம்பெனியே இல்லாதபோது உதிரிபாகத்துக்கு எங்கே போவது என்று வீட்டுக்காரர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால் கொழுந்தனாரை அங்கேயே உட்கார வைத்து, எழுதிய வெற்றுத் தட்டு ஒன்று, இரட்டை அடுக்குத் தட்டு ஒன்று, ஒரு ப்ளூ-ரே மூன்றையும் கடைசிக் காட்சி வரை தாவித் தாவி ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். தட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. இரட்டை அடுக்கில் பாதி வழியில் லேசர் அடுத்த அடுக்குக்குத் தாவ வேண்டும். களைத்த லேசர் அங்கேதான் திக்கும், இல்லாவிட்டால் விளிம்பில். மனிதர் பாவம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுத்தவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றார். வாங்கிவிட்டோம். இரண்டு உருளைக் காலுள்ள பிரெஞ்சு ப்ளக், இங்கே பிரிட்டிஷ் துளையும் பிரெஞ்சுத் துளையும் இரண்டுமே புழக்கத்தில் இருப்பதால் அடாப்டர் தேடி அலையவில்லை.

இப்போது வைத்திருக்கும் அமைப்பு இது. தமிழ்ப் படங்களுக்கு ப்ளேயரிலிருந்து 1080பி. பெரிதாக்குவதை அதுவே பார்த்துக்கொள்கிறது, 272 வரித் தட்டுகளில் முகங்கள் டிவி பெருக்கியதைவிடப் பிசிறில்லாமல் வருகின்றன. சப்டைட்டில் ஏற்றியே இருக்கிறது. காவடி, கல்யாணத் தட்டுகளுக்கு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். படிக்கட்டு இரண்டிலுமே துடிக்கவில்லை, ஆனால் மயிற்பீலியும் பட்டுச்சேலைச் சரிகையும் ப்ளேயரில் கொஞ்சம் சாந்தமாக இருக்கின்றன. டிவியின் பக்கம் ‘ஷார்ப்னஸ்’, ‘நாய்ஸ் ரிடக்ஷன்’, அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு மூன்றையும் அணைத்துவிட்டேன். ஒரே படத்தை இரண்டு பேர் மெருகேற்றினால் முகத்தில் மெழுகு பூசியது தெரிந்துவிடும்.

வக்வா ஈரத்துக்கு ஒரு வார்த்தை. தட்டுகளில் பூஞ்சை பிடிக்கும். அதற்கு ப்ளேயரைத் திட்டுபவர்கள் உண்டு. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகச் சுற்றித் துடைக்காதீர்கள். வட்டக் கீறல் லேசர் போகும் பாதையோடேயே ஓடும் என்பதால் பிழை திருத்தக் கணக்கு அங்கே தோற்றுவிடும். நவம்பர் முதல் புயல் காலம். எச்சரிக்கை அறிவித்ததும் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவது பழக்கமாகிவிட்டது. மின்சாரம் போவதால் ஒன்றும் ஆவதில்லை, அது திரும்பி வரும்போதுதான் கெடுதல்.

வெற்றுத் தட்டுகளில் சில இன்னும் எதிலும் ஓடவில்லை. பதிவு முடிந்ததும் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் வீடியோக்காரர் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது; அப்படிப்பட்டதை எழுதிய கருவியைத் தவிர வேறு எந்த ப்ளேயரும் பெரும்பாலும் படிக்காது, விலை எவ்வளவானாலும். அரங்கேற்றத் தட்டு அதில் ஒன்று என்பதால் நாத்தனார் தினமும் போன் செய்கிறார். கணினி டிரைவில் போட்டு உள்ளதை இழுத்தெடுக்க முயன்றுகொண்டிருக்கிறேன். வர்ணத்தில் பாதி வரை வந்திருக்கிறது.